அப்பத்தா போட்டோவுக்கு ஒரு பிரேம்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

சனி

கார்த்தி: (படம்) பெரியப்பா, ஊர் வீட்டு ஜன்னல் தேக்கு. ஆசாரி ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு இழைத்து, உள்பக்கம் கண்ணாடி உட்காரக் கால் இஞ்ச் காடியும் (பள்ளம்) எடுத்துக் கொடுத்துவிட்டார். இனி அறுத்து ஒட்டுவது என் வேலை.

செல்வி: கம்பி போன ஓட்டையெல்லாம் தெரிகிறதே. மக்கு வைத்து அடைத்துவிடு தம்பி.

பெரியப்பா: அடைக்காதே. அந்த ஓட்டைதான் நம் வீட்டு ஜன்னல் என்பதற்கு அடையாளம். மூலையில் மட்டும் ஓட்டை வராமல் பார்த்து அறு. அங்கே வந்தால் ஒட்டு நிற்காது.

மீனா அத்தை: ஒரிஜினல் போட்டோவை உள்ளே வைக்காதீர்கள். முன்பு ஒரு கடையில் அப்பா படத்தைக் கொடுத்துப் பிரேம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் பாதி முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

பெரியப்பா: போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகி ஒட்டும். அந்தக் கடைக்காரர் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, வைக்கவில்லை. அது அழகுக்கு மட்டும் இல்லை, படம் கண்ணாடியில் படாமல் இருக்கவும்தான்.

கார்த்தி: ஸ்கேன் செய்து 10க்கு 8 பிரிண்ட் போட்டாயிற்று அத்தை. ஒரிஜினல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். சுற்றிலும் 2 இஞ்ச் மவுண்ட், 14க்கு 12 கண்ணாடி, 2 மி.மீ. கனம். எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன்.

செல்வி: எனக்கு ஒரு யோசனை. டிரங்குப் பெட்டியில் அப்பத்தாவின் அரக்குப் பட்டு இருக்கிறதல்லவா? உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக விண்டுவிட்டது, ஜரிகைக் கரை மட்டும் புதுசு போல இருக்கிறது. அதை மவுண்ட் மேல் ஒட்டினால்?

மீனா அத்தை: எடுத்துக்கொள். பத்து வருஷமாக அம்மா அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை.

செல்வி: மைதாப் பசை காய்ச்சட்டுமா?

பெரியப்பா: இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைக்காதே அம்மா. பெவிகாலை போர்டில் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவு. தண்ணீர் கலந்தால் ஊறி, பட்டில் கறை தெரியும்.

சித்தப்பா: பழைய வீட்டில் போட்டோவை எல்லாம் உத்தரத்துக்குக் கீழே சாய்த்து மாட்டியிருப்பார்கள். பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டி, தாத்தா தலைக்கு மேல் வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும்!

சனி, மாலை

கார்த்தி: நாலு கட்டையையும் 45 டிகிரியில் அறுத்துவிட்டேன். பசை போடும் முன் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

பெரியப்பா: எந்தப் பக்கம் அளந்தாய்?

கார்த்தி: வெளிப்பக்கம். 14, 12.

சித்தப்பா: 🤦

பெரியப்பா: கண்ணாடி உட்காருவது காடியில். ஒன்றரை இஞ்ச் கட்டையில் காடி கால் இஞ்ச் போக ஒன்றேகால் மிச்சம். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை. கண்ணாடி இறுகாமல் இருக்க இன்னும் ஒரு அரைக்கால் இஞ்ச். 16⅝, 14⅝ என்று அறுத்திருக்க வேண்டும்.

கார்த்தி: மீதிக் கட்டை இரண்டடிதான் பெரியப்பா.

பெரியப்பா: இரு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

பெரியப்பா: கணக்குப் போட்டேன். இப்போது காடிக்குள் பதினொன்றரைக்கு ஒன்பதரை. படம் பத்துக்கு எட்டு. சுற்றிலும் முக்கால் இஞ்ச் இருக்கிறது. அதில் கால் இஞ்ச் கட்டைக்கு அடியில் போனால் அரை இஞ்ச் மவுண்ட் தெரியும். கட்டையைத் தொடாதே. கண்ணாடியையும் மவுண்டையும் 11⅜க்கு 9⅜ ஆகக் குறை. கண்ணாடிக் கடையிலேயே அறுத்துத் தருவார்கள்.

செல்வி: ஐயோ, நான் கரையை 2 இஞ்ச் அகலத்துக்கு வெட்டிவிட்டேனே! மாங்காய் எல்லாம் போச்சா?

பெரியப்பா: மாங்காய் போகும். ஓரத்து ருத்ராட்ச வரிசை நிற்கும். அதுதான் எடுப்பாக இருக்கும். அகலக் கரை வைத்திருந்தால் கண் படத்துக்குப் போகாது.

ஞாயிறு

கார்த்தி: ஒட்டிவிட்டேன். கிளாம்ப் இல்லை. என்ன செய்ய?

பெரியப்பா: பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சுற்றிலும் இழுத்துக் கட்டு. மூலைக்கு மூலை அளந்தாயா?

கார்த்தி: ஒன்று 18½, இன்னொன்று 18⅜.

பெரியப்பா: கோணியிருக்கிறது. பசை காயும் முன் நீளமாக இருக்கும் மூலைகளை உள்ளே அமுக்கு. இரண்டும் ஒரே அளவு வந்ததும் கையை எடு. விடியும்வரை தொடாதே.

கார்த்தி: வந்துவிட்டது. இரண்டும் ஒன்று.

பெரியப்பா: நாளைக்கு உப்புத்தாள். பின்னால் ஹார்டுபோர்டு வைத்து விளிம்பெல்லாம் டேப் ஒட்டு, தூசி போகாது. கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் துண்டு வை. சுவரை ஒட்டி நின்றால் ஓதம் ஏறும், கரையானும் வரும்.

வியாழன்

மீனா அத்தை: (படம்) மாட்டியாயிற்று. காலை வெயில் படாத சுவர். அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். கம்பி ஓட்டையில் விரலை வைத்து, "கொல்லைப்பக்கத்து ஜன்னலா?" என்றார்.

கார்த்தி: ❤️

செல்வி: கரையைப் பற்றி ஏதும் சொன்னார்களா அத்தை?

மீனா அத்தை: கண்ணாடி மேலேயே தடவிப் பார்த்தார். "என் பட்டை வெட்டினது யாரு?" என்றார்.

செல்வி: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மீனா அத்தை: உன் நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ரிங் போகிறது, எடு.