பிளகின் ஓட்டை வழியாக உள்ளே வந்தவர்கள்: செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் போடுபவர்கள் என்று நம் பக்கத்துச் சிறு வியாபாரங்களுக்கு வெப்சைட் பார்த்துக்கொடுக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாமே வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளில் ஓடுபவை. ஒரு கடையில் நடந்தது பக்கத்துக் கடைக்குத் தெரிவதில்லை, வெளியே சொன்னால் வியாபாரம் கெடும் என்று மறைத்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

தீபாவளி ஆர்டர் சூடுபிடிக்கும் நேரம். ஒரு பலகாரக் கடை ஆச்சிக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார். கூகுளில் கடைப் பெயரைத் தேடி போனில் தொட்டால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. "தம்பி, எனக்கு நல்லாத்தானே வருது, அவுக போன்லதான் ஏதோ கோளாறு போல" என்றார் ஆச்சி. கடைக் கம்ப்யூட்டரில் சீப்புச் சீடையும் மனகோலமும் தேன்குழலும் வழக்கம்போல வரிசையாகத் தெரிந்தன.

கோளாறு அந்தப் போனில் இல்லை. சைட்டுக்குள் யாரோ ஒளித்துவைத்திருந்த ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறு நிரல், வருகிறவர் கூகுளிலிருந்து வருகிறாரா, போனில் பார்க்கிறாரா, லாகின் செய்யாதவரா என்று பார்த்து, மூன்றும் பொருந்தினால் மட்டும் திருப்பிவிடுகிறது. முகவரியை நேராக அடித்துப் பார்க்கும் முதலாளிக்கு அது என்றைக்குமே தெரியாது. இந்த மாதிரிப் புகார் வந்தால் தயவுசெய்து வாடிக்கையாளரை நம்புங்கள், மொபைல் டேட்டாவில் கூகுள் வழியாகப் போய்ப் பாருங்கள்.

அவர்கள் நுழைந்த வழி பைல் மேனேஜர் என்ற பிளகின். பிளகின் என்றால் வேர்ட்பிரஸோடு கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள். 2020 செப்டம்பரில் பெரிதாக வெடித்த விஷயம் அது, அப்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. அதற்குள் இருக்கும் எல்ஃபைண்டர் என்ற தொகுப்போடு மாதிரிக்காக வரும் ஒரு பைலின் பெயரை, சர்வர் இயக்கக்கூடிய பிஎச்பி பைலாகப் பிளகினை எழுதியவர்களே மாற்றி வைத்துவிட்டார்கள். பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் அதைக் கூப்பிட்டுத் தன் ஸ்கிரிப்டை ஏற்றிவிடலாம். 6.9 பதிப்பில் சரிசெய்தார்கள். ஆச்சி கடையில் கிடந்தது அதற்கு முந்தையது, அதுவும் டிஆக்டிவேட் செய்யப்பட்ட நிலையில். முன்பு சைட் செய்து கொடுத்தவர் வேலை முடிந்ததும் நிறுத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிஆக்டிவேட் செய்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பிளகினைக் கூப்பிடாது, அவ்வளவுதான். பைல் சர்வரிலேயே கிடக்கிறது, முகவரி தெரிந்தவன் நேரே கூப்பிட்டால் ஓடும். முகப்பைப் பூட்டிவிட்டு அடுத்த தெருப் பக்கம் இருக்கும் பின்கட்டுக் கதவைத் திறந்துபோட்ட மாதிரி. தேவையில்லாததை டிலீட் செய்யுங்கள்.

சுத்தம் செய்ததுதான் பெரிய வேலை. ஹோஸ்டிங்கில் இருந்த பேக்கப் எல்லாமே கெட்டபிறகு எடுத்தவை. வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போட்டேன். படங்கள் மட்டும் இருக்கவேண்டிய அப்லோட்ஸ் போல்டரில் பிஎச்பி பைல்கள் கிடந்தன. யாருக்கும் தெரியாத ஒரு அட்மின் கணக்கு, அப்புறம், கூகுள் தேடலில் தன் தளம் எப்படி வருகிறது என்று உரிமையாளர் பார்க்கும் கூகுள் சர்ச் கன்சோலில், உள்ளே புகுந்தவர்கள் தங்களையே உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அதை நீக்காமல் விட்டால் சுத்தம் செய்தபிறகும் தேடல் முடிவுகளில் அவர்கள் கை இருந்துகொண்டே இருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் தளத்தின் முக்கிய அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் பைலிலுள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினோம். ஆர்டர் போட்டவர்களின் முகவரியும் போன் நம்பரும் அங்கே இருந்ததால், அவர்களுக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்று ஆச்சியே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

கானாடுகாத்தானிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு ஸ்லைடரால் வந்தது, படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டுமே, அந்தப் பிளகின். பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். மார்கழி சீசனில், தளத்திலிருந்து ஸ்பாம் மெயில் போகிறது என்று ஹோஸ்டிங்காரர்கள் கணக்கை நிறுத்திவிட்டார்கள், புக்கிங் கேட்டு எழுதியவர்களுக்குப் பதில்கூடப் போகவில்லை. பார்த்தால், சைட்டின் தோற்றத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய தீமுக்குள்ளேயே ரெவல்யூஷன் ஸ்லைடரின் மிகப் பழைய பதிப்பு உட்கார்ந்திருக்கிறது. 2014-லேயே தெரிந்த ஓட்டையாம், வெளியிலிருந்தே கான்ஃபிக் பைலைப் படித்துவிடலாம், அந்த வருடக் கடைசியில் சோக்சோக் என்ற தாக்குதலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இதே வழியாகப் போயின என்கிறார்கள். தீமோடு சேர்ந்து வந்ததால் அந்த ஸ்லைடருக்கென்று தனி லைசென்ஸ் எங்களிடம் இல்லை, அப்டேட் அறிவிப்பும் வந்ததில்லை. தீம் வாங்குபவர்கள் உள்ளே என்னென்ன கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

கும்பாபிஷேகத்துக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட சைட். காசு கட்டவேண்டிய பிளகினை யாரோ ஓசியாக இறக்கிக் கொடுத்தார். பூட்டு உடைத்த பிரதி, உள்ளேயே பின்வாசல் வைத்துத்தான் தருகிறார்கள். நன்கொடைப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணை யாராவது மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

புதுவயலிலிருந்து:

எல்லாவற்றுக்கும் ஆட்டோ அப்டேட் போட்டுவிடலாமா? எங்கள் அரிசி ஆலை சைட் ஒருமுறை அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவே இல்லை, அன்றிலிருந்து தொடவே பயம்.

காரைக்குடியிலிருந்து:

போடுங்கள். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5-லிருந்தே பிளகின் ஒவ்வொன்றுக்கும் அந்த வசதி உண்டு. உடைந்தால் ஒரு நாளில் சரிசெய்துவிடலாம், உள்ளே ஆள் புகுந்தால் அப்படி முடியாது. 2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பாதுகாப்புப் பிளகினிலேயே ஓட்டை வந்தது, பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை அதில் போட்டிருந்தவர்களின் தளத்தில் பாஸ்வேர்ட் இல்லாமல் அட்மினாகவே நுழையலாம். 40 லட்சம் தளங்களுக்கு மேல் இருந்ததால் வேர்ட்பிரஸ் தரப்பே கட்டாய அப்டேட் அனுப்பியது. எல்லாப் பிளகினுக்கும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

ஆனால் ஒன்று, எழுதியவரே கைவிட்ட பிளகினுக்கு ஆட்டோ அப்டேட் போட்டும் பயனில்லை. புதுப் பதிப்பே வராததால் பட்டியலில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று அதன் பக்கத்தில் போய்ப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் நான் மாற்றிவிடுவேன். ஆலை சைட்டில் என்னென்ன பிளகின் இருக்கிறது என்று பெயரும் பதிப்பு எண்ணும் எழுதுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு பேக்கப் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.