புதிய முட்டைக்கோழிப் பண்ணைக்குக் கூண்டா, பலதளக் கொட்டகையா?

கொண்டைப்பூ:
ஒரு லட்சம் முட்டைக்கோழிகளுக்கு இன்று கொட்டகை கட்டுபவர், அதை இருபது ஆண்டுகளாவது பயன்படுத்த நினைப்பார். அவ்வளவு நீண்ட முதலீட்டை வெறுங்கூண்டில், அதாவது கம்பிவலைத் தரை, தீவனத்தொட்டி, தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத பல அடுக்குக் கூண்டில், இனியும் போடுவது தவறு; கோழிகள் கூண்டின்றித் தளத்துக்குத் தளம் தாவித் திரியும் பலதளக் கொட்டகையே வேண்டும் என்பதே என் வாதம். சுவிட்சர்லாந்தில் 1992-க்குள் கூண்டுகள் மறைந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் பிறப்பித்த ஆணையின்படி 2012 ஜனவரி 1 முதல் வெறுங்கூண்டு அங்கே தடை செய்யப்பட்டது. தடைக்கு முந்தைய இடைக்காலத்தில் அந்த ஆணை ஒரு கோழிக்குக் கோரிய இடம் 550 சதுர சென்டிமீட்டர்; ஒரு ஏ4 தாளின் பரப்புகூட அதைவிடப் பெரியது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கோழியை மட்டும் பார்த்தாலும் என் முடிவு மாறாது. முட்டையிடுவதற்கு முன் மறைவான இடத்தைத் தேடுவது கோழியின் உடலே தூண்டும் நடத்தை. கூண்டுக் கோழிக்கும் அந்தத் தூண்டுதல் நாள்தோறும் வருகிறது. இடம் கிடைக்காமல் அது அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் கம்பியின் மேலேயே முட்டையிடுகிறது. தீவனத்தையும் காற்றோட்டத்தையும் எவ்வளவு நேர்த்தியாகக் கவனித்தாலும் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

தீவனத்தொட்டி:
கொண்டைப்பூ அவர்களின் பதிவில் கோழியின் விருப்பம் இருக்கிறது, கோழியின் உயிர் இல்லை. கூண்டு ஏன் வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எச்சம் கம்பிவலை வழியாகக் கீழே விழுந்து, எருப்பட்டை எனும் நகரும் பட்டையில் வெளியேறுவதால், கோழி தன் எச்சத்தைக் கொத்துவதில்லை. ஆகவே உருளைப்புழுவின் முட்டையும் இரத்தக்கழிச்சல் கிருமியும் மீண்டும் அதன் வயிற்றுக்குள் போகும் சுழற்சி பெரும்பாலும் அறுந்துவிடுகிறது. ஒரு கூண்டில் சில கோழிகளே இருப்பதால் அவற்றுக்குள் யார் முந்தி, யார் பிந்தி என்பது விரைவில் நிலைபெறுகிறது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே தளத்தில் திரியும்போது அது நடப்பதில்லை. ஒன்று கற்றுக்கொண்ட இறகுக் கொத்தல் மந்தை முழுவதும் பரவும். ஏதோ ஒன்றுக்கு மிரண்டோ, மிரளாமலேயோ, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, காலையில் அள்ளி எடுக்க வேண்டிய பிணங்களாகிவிடுவதும் உண்டு.

வெறும் அச்சத்தால் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரே வணிகப் பண்ணையில் வெறுங்கூண்டு, கூடுபெட்டியும் அமர்கட்டையும் பொருத்திய வசதிக்கூண்டு, பலதளக் கொட்டகை ஆகிய மூன்றையும் அருகருகே நடத்தி ஒப்பிட்டு, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலதளக் கொட்டகையில் இறப்பு கூண்டைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. காற்றில் மிதக்கும் தூசு எட்டு முதல் பத்து மடங்கு. அந்தத் தூசைக் கோழி மட்டும் சுவாசிப்பதில்லை. நாள் முழுவதும் உள்ளே நின்று தரைமுட்டை பொறுக்கும் தொழிலாளியும் சுவாசிக்கிறார். நலன் என்று பேசுபவர்கள் இவரை ஏன் எப்போதும் மறந்துவிடுகிறார்கள்?

கொண்டைப்பூ:
தூசு பற்றிய கவலை நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அமெரிக்க ஆய்வு ஒரே இடத்தில், முறைக்கு ஒரு கொட்டகை வீதம், இரண்டு மந்தைகளை மட்டுமே பார்த்தது. ஒரு கொட்டகையில் கண்டதை ஒரு முறையின் இயல்பு என்று எழுதிவிட முடியாது. மாறாக, 2021-இல் வெளியான தொகுப்பாய்வு 16 நாடுகளின் 6,000-க்கும் மேற்பட்ட வணிக மந்தைகளை எடுத்துக்கொண்டது. கூண்டில்லா முறைகளில் அனுபவம் கூடக்கூட இறப்பு ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருக்கிறது என்பதையும், அண்மைக் கால மந்தைகளில் முறைகளுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அது காட்டியது. தாங்கள் காட்டிய ஆய்விலேயே நடந்து பறந்து திரிந்த கோழிகளின் கால், இறக்கை எலும்புகள் கூண்டுக் கோழிகளுடையவற்றைவிட வலுவாக இருந்தன என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை.

பலதளக் கொட்டகையின் குறைகள் திருத்தக்கூடியவை. வெறுங்கூண்டின் குறை அதன் அளவிலேயே இருக்கிறது. அதைத் திருத்தினால் அது வெறுங்கூண்டாக இருக்காது.

தீவனத்தொட்டி:
"அனுபவம் கூடக்கூட" என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை கோழிகள் செத்தன என்று கேட்கிறேன். புதிதாக மாறும் பண்ணைக்காரரின் முதல் மந்தையும் இரண்டாம் மந்தையும் பாடம் கற்பதற்கான விலையாகின்றன. அந்த இறப்பு எதிர்காலச் சராசரியில் கரைந்துவிடும் என்பது அந்தக் கோழிகளுக்கு ஆறுதல் அல்ல.

நான் வெறுங்கூண்டுக்காக உயிரைக் கொடுத்து வாதாடவில்லை. கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர் அமர்கட்டை, கூடுபெட்டி, கிளறுவதற்கு ஓரிடம் என்று ஐரோப்பிய ஆணையே வகுத்துத் தந்த வசதிக்கூண்டு இருக்கிறதே? நோய்த்தடுப்பும் குறைவதில்லை, தாங்கள் சொன்ன கூடுதேடலும் தீர்கிறது.

வெள்ளைக்கரு:
கால்நடை மருத்துவப் பணியில் இருப்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இரு தரப்பும் கொட்டகையைப் பற்றியே பேசுகிறீர்கள். கோழி அதற்குள் வருவதற்கு முந்தைய பதினாறு வாரங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் பார்வையில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிவாகிறது. சமதளத்தில் வளர்ந்த இளங்கோழியைப் பலதளக் கொட்டகைக்குள் விட்டால், மேல்தளத்தில் தண்ணீர் இருப்பதையே அது அறியாது. தாவி ஏறவும், தூரத்தைக் கணித்து இறங்கவும் குஞ்சுப் பருவத்தின் முதல் சில வாரங்களிலேயே பழக வேண்டும். பழகாதவை தரையில் முட்டையிடும், தவறி விழும், எடை குறையும். அதன் பிறகு அலகைப் பற்றிய சண்டை தொடங்கும். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் கொத்தலைத் தடுக்க அலகின் நுனியை வெட்டுவதையே தடை செய்துவிட்டுக் கூண்டில்லா மந்தைகளை நடத்துகின்றன என்றால், சிறுவயதிலேயே கூளத்தைக் கிளறப் பழக்குவதும் அதற்கு ஒரு காரணம்.

மார்பெலும்பு முறிவையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரு தரப்பாரும் அதைத் தமக்கு வசதியாக எடுத்தாள்வார்கள். கம்பியில் மோதுவதால் முறிகிறது என்று கூண்டுத் தரப்பார் சொல்வது ஓரளவே உண்மை. தளங்களுக்கிடையே சாய்தளம் வைத்தபோது விழுதலும் முறிவும் குறைந்தன. ஆனால் டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான கோழிகளைச் சோதித்தபோது, வசதிக்கூண்டு உட்பட எல்லா முறைகளிலும் பெரும்பாலான கோழிகளுக்கு முறிவு இருந்தது. இளம் வயதிலேயே முட்டையிடத் தொடங்கிய மந்தைகளிலும் எடை குறைந்த கோழிகளிலும் அது அதிகம். ஆண்டுக்கு முந்நூறு முட்டைகளுக்கு மேல் இடும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உடலின் சிக்கல் இது. எந்தக் கொட்டகையும் இதைத் தனியாகத் தீர்க்காது.

கொண்டைப்பூ:
வெள்ளைக்கரு அவர்களுக்கு நன்றி. வளர்பருவம் குறித்து அவர் சொன்னது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது: முதல் மந்தையின் இறப்பு தவிர்க்க முடியாத விலை அல்ல, தகுந்த இளங்கோழியை வாங்காததன் விளைவு.

வசதிக்கூண்டைப் பொறுத்தவரை, அதிலுள்ள கிளறும் விரிப்பை ஒருமுறை நேரில் பாருங்கள். அதன்மீது சிறிது தீவனம் தூவப்படுகிறது. கோழி அதில் மண்குளியல் போட முயன்று பாதியில் நிறுத்திவிடுகிறது. ஆஸ்திரியா வசதிக்கூண்டையும் விலக்கிவிட்டது, ஜெர்மனியும் அதற்குக் கெடு வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அளித்த அறிவியல் கருத்தும் கூண்டில்லா முறையையே பரிந்துரைத்தது. இருபது ஆண்டுக் கணக்கு போடுபவர், ஏற்கெனவே விலக்கப்பட்டுவரும் ஒன்றை இப்போது வாங்குவானேன்?

தீவனத்தொட்டி:
தகுந்த இளங்கோழி கிடைத்தால் என்று ஒரு நிபந்தனையை இப்போது தாங்களே சேர்த்துவிட்டீர்கள். அது கிடைக்காத இடங்களே அதிகம். குஞ்சு வளர்ப்பவர்கள் கூண்டிலோ சமதளத்திலோதான் வளர்த்துத் தருகிறார்கள். வளர்ப்புக் கொட்டகையையும் பண்ணைக்காரரே கட்ட வேண்டுமென்றால் முதலீடு வேறு கணக்காகிவிடும். அதுவரை கதவு வைத்த கலப்பு அமைப்பைப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்: கதவை மூடினால் கூண்டு, திறந்தால் பலதளம். அதைத் தாங்கள் ஏற்பீர்களா?

கொண்டைப்பூ:
ஏற்கமாட்டேன். கதவு இருக்கும்வரை, இறப்பு சற்றே கூடிய முதல் வாரத்தில் அது மூடப்படும், பிறகு திறக்கப்படாது.

வெள்ளைக்கரு:
கதவைவிடக் காற்றோட்டத்தை முதலில் பாருங்கள். கூண்டிலிருக்கும் அளவு கோழிகளைப் பலதளத்தில் அடைக்க முடியாது. பயன்படும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பது கோழிகள் என்பது ஐரோப்பிய வரம்பு. கோழிகள் குறைந்தால் அவற்றின் உடல்சூடும் குறையும். குளிர்காலத்தில் சூட்டைக் காக்க விசிறியைக் குறைத்தால் கூளம் ஈரமாகி அம்மோனியா ஏறும், ஈரக் கூளம் பாதத்தைப் புண்ணாக்கும். விசிறியைக் கூட்டினால் கூளம் காய்ந்து, முன்பு சொல்லப்பட்ட தூசு கிளம்பும். கூண்டுக்கென்று கணக்கிட்ட விசிறியையும் காற்றுத் திறப்புகளையும் வைத்துக்கொண்டு கதவை மட்டும் திறந்துவிட்டவர்களின் கொட்டகைகளில் நான் கண்ட சிக்கல்களில் பெரும்பகுதி இதிலிருந்து வந்தவை. ஆகவே இப்போது எதைக் கட்டினாலும், பின்னாளில் பலதளத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், குறைந்த கோழி எண்ணிக்கைக்கான குளிர்காலக் காற்றுக் கணக்கை வரைபட நிலையிலேயே போட்டு, தரைக்கூளத்துக்கான உயரத்தையும் விட்டுவைக்க வேண்டும். எருப்பட்டையில் காற்று ஊதி எச்சத்தை உலர்த்தும் குழாய்க்கும் அப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.

தீவனத்தொட்டி:
அந்தக் காற்றுக் கணக்கை என் வரைபடக்காரரிடம் கேட்கிறேன். கூண்டைப் பற்றிய என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.