லாம்பிக் பீரில் எலி வாடை: மதிப்பெண் இடுவதில் உதவி வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். பிரசெல்ஸில் நாங்கள் நால்வர் மாதம் ஒருமுறை கூடி, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஓக் பீப்பாயில் கிடந்த லாம்பிக்குகளை (காற்றிலுள்ள காட்டு ஈஸ்ட்டால் தானே நொதிக்கும் பெல்ஜியப் புளிப்பு பீர்) கலந்து புட்டியில் மீண்டும் நொதிக்கவைக்கும் கூஸ் வகையை, பெயரை மறைத்துச் சுவைத்து மதிப்பெண் இடுகிறோம். புளிப்பை எடைபோடுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. லாக்டிக் அமிலம் தயிரைப்போலப் புளிக்கும். அசிட்டிக் அமிலமோ தொண்டையைச் சுடும். ஃபிளாண்டர்ஸ் சிவப்பு ஏல் என்னும் மற்றொரு பெல்ஜியப் புளிப்பு பீரில் ஓரளவு காடி நெடியை ஏற்கலாம், கூஸில் அது மிஞ்சினால் குறைதான்.

என்னைத் தடுமாறவைப்பது எலி வாடை. சென்ற மாதம் ஒரு புட்டி, முகரும்போது எலுமிச்சைத் தோலும் ஈர வைக்கோலுமாக மணத்தது. விழுங்கிய சில விநாடிகளில், எலி குடியிருந்த அரிசி மூட்டையைத் திறந்தாற்போல ஒரு வாடை எழுந்து, அடுத்த மூன்று கோப்பைகளையும் கெடுத்துவிட்டது. பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டும் சில லாக்டிக் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் டெட்ராஹைட்ரோபிரிடின் என்னும் சேர்மம், புளிப்பான பீரில் ஆவியாகாமல் அடங்கியிருந்து, உமிழ்நீர் பட்டதும் வெளிப்படுவதே இதற்குக் காரணம். உடனிருந்த இருவருக்கோ அது தெரியவே இல்லை (கொடுத்துவைத்தவர்கள்). நான் 50க்கு 24 இட்ட புட்டிக்கு அவர்கள் 41 இட்டார்கள்.

இந்நிலையில் சராசரி எடுப்பது முறையா, ஒருவர் உணர்ந்தாலே குறையெனக் கொள்வதா? வாயின் புளிப்பைத் தணித்து அவ்வாடையை வெளிக்கொணர, சமையல் சோடா கரைத்த நீரில் வாய் கொப்பளித்துவிட்டுச் சோதிப்பவர்கள் இருந்தால், எவ்வளவு சோடா சேர்க்கிறீர்கள் என்று தெரிவிக்கவும். அதே தொகுதியில் இன்னும் ஐந்து புட்டிகள் மீதமுள்ளன. நாளடைவில் அவ்வாடை தணிந்ததைக் கண்டவர்கள், எத்தனை மாதம் காத்திருந்தீர்கள் என்பதையும் எழுதினால் நன்றியுடையவனாவேன்.