குரூஸ் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் ஸ்கூபா டைவ்: எந்த ஊரில், எப்படி ஏற்பாடு செய்வது?

கடல்நுரை (கேள்வி)

வணக்கம். ஜனவரியில் ஃபுளோரிடாவின் டாம்பாவிலிருந்து கிளம்பும் 7 இரவு மேற்குக் கரீபியன் குரூஸில் இடம் பிடித்தாயிற்று. நிறுத்தங்கள் இப்படி: 3ஆம் நாள் கிராண்ட் கேமன், காலை 7 முதல் மாலை 3 வரை, டெண்டர் எனும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். 4ஆம் நாள் ரோவாட்டான், 9 முதல் 5. 5ஆம் நாள் பெலிஸ், 8 முதல் 4, அங்கேயும் டெண்டர். 6ஆம் நாள் கோசுமெல், 8 முதல் 5. 7ஆம் நாள் முழுக்கக் கடலில், 8ஆம் நாள் காலை டாம்பா, அன்று மதியமே விமானம்.

எனக்கு அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் (அடுத்த நிலை டைவ் பயிற்சி), நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்றுக் கலவை) இரண்டுக்கும் சான்று கார்டு உண்டு. ஆனால் கடைசியாக இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மனைவிக்கு வயது 47, ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறார், இதுவரை டைவ் செய்ததில்லை, ஒருமுறை இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார். கப்பலிலேயே விற்கும் டைவ் சுற்றுலாவை எடுப்பதா, ஊரில் உள்ள டைவ் கடையில் நேராகப் பதிவு செய்வதா? நான்கு ஊரிலும் இறங்க முடியுமா? பெலிஸில் புளூ ஹோல் என்ற கடலடிப் பெருங்குழியைப் பார்க்க வழி உண்டா?

---

நீரோட்டம்

முதலில் புளூ ஹோலை விட்டுவிடுங்கள். அது லைட்ஹவுஸ் ரீஃப் என்ற பவளப்பாறைத் திட்டில், பெலிஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. வெளியே. விரைவுப் படகிலும் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். உங்கள் கப்பல் கரையிலிருந்து பல கி.மீ. தள்ளி நங்கூரமிடும் என்பதால் டெண்டருக்கு இரு பக்கமும் நேரம் செலவாகும். 8 முதல் 4 என்ற கணக்குக்குள் அது அடங்கவே அடங்காது. தவிர அங்கே தொங்கும் பாறைகளைப் பார்க்க 40 மீட்டர் வரை இறக்குவார்கள். ஒரு வருட இடைவெளிக்குப் பின் செய்யும் டைவ் அல்ல அது.

மற்ற மூன்று ஊர்களுக்கும் ஒரே முறைதான்: எந்த ரீஃப் அழகு என்று தொடங்காதீர்கள், கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கப்பல் 5 மணிக்குக் கிளம்பினால் எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 4:30. டெண்டர் ஊரில் கடைசி டெண்டர் அதற்கும் முன்னால். அந்த நேரத்துக்கும் டைவ் படகு கரை சேரும் நேரத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊரில் வெளிக்கடை வேண்டாம்.

கோசுமெலைப் பாருங்கள். 8 மணிக்குக் கட்டினாலும் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து நீங்கள் இறங்க 8:30 ஆகும். படகு 9:15க்குக் கிளம்புகிறது என்று வைப்போம். இரண்டு டேங்க் பயணத்துக்கு (இரண்டு சிலிண்டர், இரண்டு டைவ்), போகும் நேரம், 45-50 நிமிட டைவ் இரண்டு, நடுவில் மேலே ஓய்வெடுக்கும் ஒரு மணி நேர சர்ஃபேஸ் இன்டர்வல், திரும்பும் நேரம் எல்லாம் சேர்ந்து நாலரை மணி நேரம். 1:45க்குக் கரையில் இருப்பீர்கள். 4:30 வரை தாராளம். இங்கே நேராகக் கடையில் பதிவு செய்யலாம்.

கேமனில் இதே கணக்கு இடிக்கிறது. டெண்டரில் கப்பல் சுற்றுலா எடுத்தவர்களை முதலில் அனுப்புவார்கள். தனியாகப் போகிறவர் 8:15க்குக் கரை சேர்ந்தால் அதிர்ஷ்டம். 9 மணிப் படகில் இரண்டு டேங்க் முடித்தால் 1 மணி தாண்டும். கடைசி டெண்டர் 2 அல்லது 2:30. ஒரு எஞ்சின் மக்கர் செய்தால் போதும், கப்பல் போய்விடும். கப்பல் விற்கும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. அதனால் கேமனில் இரண்டு டேங்க் வேண்டுமென்றால் கப்பல் சுற்றுலாவை எடுங்கள். கூட்டம் பெரிதாக இருக்கும், புதிதாகக் கற்றவர்களும் கலந்திருப்பார்கள், காற்றை வேகமாகக் குடிக்கும் ஒருவரால் எல்லாரும் சீக்கிரம் மேலேற நேரலாம். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரோவாட்டானில் ரீஃப் கரைக்கு மிக அருகில் இருப்பதால் படகுப் பயணம் குறைவு, நேரம் மிச்சமாகும். ஆனால் கப்பல்கள் நிற்பதற்கு கோக்சன் ஹோல், மஹோகனி பே என இரண்டு இடங்கள். டைவ் கடைகள் பல தீவின் மேற்கு முனையில் வெஸ்ட் எண்ட் பக்கம். மஹோகனி பே இன்னும் கிழக்கே இருப்பதால் சாலைப் பயணம் கூடும். எந்தத் துறை என்பதைக் கடைக்கு முன்பே சொல்லி, வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

கடிகாரம் பற்றி ஒன்று. ஜனவரியில் கேமன், கோசுமெல் இரண்டும் ஃபுளோரிடா நேரத்தோடு ஒத்துப்போகும். ரோவாட்டானும் பெலிஸும் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். கைபேசி உள்ளூர் கோபுரத்தைப் பிடித்ததும் தானாக மாறிவிடும். "3 மணிக்குத் திரும்பிவிடுவோம்" என்று கடைக்காரர் சொல்வது அவருடைய 3 மணி. கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் அதிலேயே போடுங்கள். (கோடையில் போகிறவர்களுக்கு: அமெரிக்கா நேரத்தை முன்தள்ளும், இந்த ஊர்கள் எதுவும் தள்ளாது. அப்போது கோசுமெலும் கேமனும்கூட ஒரு மணி நேரம் பின்னால் போகும், ரோவாட்டான் இரண்டு மணி.)

---

பவளத்திட்டு

நீரோட்டம் சொன்னதில் கேமன் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. படகு டைவ் ஒன்றுதான் வழி என்றில்லை. ஜார்ஜ் டவுனில் டெண்டர் இறக்கும் இடத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஈடன் ராக், டெவில்ஸ் க்ராட்டோ என்ற கரை டைவ் இடங்கள் இருக்கின்றன. ஏணியில் இறங்கி நீந்தினால் போதும். ஆழம் 15 மீட்டருக்குள், குகைப் பாதைகள், கூட்டமாக மீன். படகு நேரத்தை நம்பியிருக்க வேண்டாம், ஒரே டேங்கோடு முடித்துக்கொண்டு நிதானமாகத் திரும்பலாம். ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு முதல் டைவ் இப்படி ஆழம் குறைவாக இருப்பதுதான் நல்லது. ஆனால் குகைப் பாதைக்குள் நுழைய அவசரம் வேண்டாம், முதலில் மிதப்புக் கட்டுப்பாடு கைக்கு வரட்டும்.

இதற்கு எதிரி வடமேற்குக் காற்று. ஜனவரியில் குளிர்க்காற்று அலை வந்தால் ஜார்ஜ் டவுன் பக்கம் கொந்தளிக்கும். கப்பல் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் துறைக்குப் போய்விடும், அல்லது நிற்காமலே போகும். அதனால் கேமனுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கோசுமெலிலும் இதே பருவத்தில் "நோர்தே" என்ற வடகாற்று அடிக்கும். பலர் கவனிக்காத விஷயம்: பெரிய கப்பல் துறையில் கட்டியிருக்கும்போதே, துறைமுக அதிகாரி சிறு படகுகளுக்குத் தடை போட்டுவிடலாம். அன்று எந்தக் கடையும் டைவ் நடத்த முடியாது. "கப்பல் வராவிட்டால் பணம் திரும்ப" என்ற வாக்குறுதி இந்த நிலைமைக்குப் பொருந்தாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கோசுமெலில் கப்பல் துறைகள் மூன்று: ஊர் நடுவில் புன்டா லங்கோஸ்டா, தெற்கே இன்டர்நேஷனல் பியர், புவேர்ட்டா மாயா. டைவ் படகுகள் பல கிளம்பும் லா கலேட்டா படகுத்துறையும் ஊருக்குத் தெற்கேதான். எந்தத் துறை என்பது கடைசி நாளில்கூட மாறும். சந்திக்கும் இடத்தைப் படகுத்துறையிலேயே வைத்துக்கொண்டு டாக்சியில் போவது பாதுகாப்பு.

அங்கே எல்லாம் நீரோட்ட டைவ். பலங்கார், சான்டா ரோசா சுவர் போன்ற இடங்களில் நீர் இழுக்கும் போக்கில் போய், மேலே வந்ததும் படகு உங்களைத் தேடி வந்து எடுக்கும். படகுக்கு உங்கள் இடத்தைக் காட்டச் சொந்தமாக சிக்னல் மிதவையும் அதன் கயிற்று ரீலும் கொண்டு போங்கள், வாடகைச் சாமானில் அது பெரும்பாலும் இருக்காது. கடல் பூங்கா என்பதால் கையுறையும் கத்தியும் கூடாது. கத்தியைக் கப்பலில் ஏறும்போதே பாதுகாப்பு ஆட்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கொண்டுபோவதே வீண்.

நைட்ராக்ஸ் 32 (32% ஆக்சிஜன்) கிடைத்தால் எடுங்கள். ஆக்சிஜனின் பகுதியழுத்தம் 1.4 என்ற வரம்பில் அதன் ஆழ எல்லை 33 மீட்டர். சுவர் டைவில் வழிகாட்டி அதற்குக் கீழே போனால் நீங்கள் பின்தொடரக் கூடாது. ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து, டைவ் கம்ப்யூட்டரிலும் அதையே பதியுங்கள்.

---

ஆழி

நண்பர்கள் இருவரும் உங்கள் மனைவியைப் பற்றிப் பேசவில்லை. அங்கேதான் காகித வேலை அதிகம்.

முக்கியப் பயிற்சி அமைப்புகள் பலவும் இப்போது ஒரே மருத்துவப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. முதல் பக்கத்தில் 10 கேள்விகள். இரண்டாவது கேள்வியே 45 வயதைத் தாண்டியவரா என்பது. ஆம் என்றால் அடுத்த பக்கத்தில் அதற்கான பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே உயர் ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்கும். அதற்கும் ஆம் என்றால், மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட பக்கம் இல்லாமல் எந்த ஒழுங்கான கடையும் தண்ணீரில் இறக்காது. கப்பல் மருத்துவர் கையெழுத்திடுவார் என்று நம்ப வேண்டாம், பொதுவாக மறுத்துவிடுவார்கள். அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் வாங்கிவிடலாம். என்ன மாத்திரை என்பதையும் அவரிடம் சொல்லிக் கேளுங்கள். சில வகை இதயத்துடிப்பைக் குறைத்து, நீந்தும்போது உடம்பின் உழைப்புத் திறனையும் குறைக்கும். படிவத்தில் "இல்லை" என்று போட்டுவிட்டு இறங்குவது காப்பீட்டையும் செல்லாததாக்கும்.

அவருக்கு அறிமுக டைவ்தான் பொருத்தம்: முதலில் நீச்சல்குளத்திலோ இடுப்பளவு நீரிலோ பயிற்சி, பிறகு பயிற்றுநர் பக்கத்தில் இருக்க அதிகபட்சம் 12 மீட்டர். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து, தனியாக என்றால் இன்னும் நல்லது. ரோவாட்டான் இதற்கு ஏற்ற ஊர்: கடைக்கு எதிரிலேயே ஆழமில்லாத ரீஃப், படகில் குலுங்க வேண்டாம். கோசுமெலில் நீரோட்டத்தில் முதல் முறை இறக்க வேண்டாம். அன்று நீங்களும் அவரோடு போக ஆசைப்பட்டால் அந்தக் கடை அதை அனுமதிக்கிறதா என்று கேளுங்கள், எல்லாக் கடையும் அனுமதிப்பதில்லை.

உங்களுக்கு: இந்தப் பயணத்தில் ரிஃப்ரெஷர் (நினைவூட்டும் பயிற்சி) செய்ய நேரமில்லை. வீட்டில் இருக்கும்போதே ஒரு குளத்தில் மாஸ்க் நீர் வெளியேற்றுதல், ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சுவிடும் கருவி) மீட்பு, மிதப்புக் கட்டுப்பாடு மூன்றையும் செய்து, லாக் புத்தகத்தில் கையெழுத்தோடு பதிவு செய்துவிடுங்கள். கடைசி டைவ் தேதியைக் கேட்கும் கடைகள் அதைக் காட்டினால் ஏற்கும். கார்டுகளின் படத்தைக் கைபேசிக்குள்ளேயே சேமியுங்கள். நடுக்கடலில் செயலி திறக்காது.

---

கடல்நுரை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். 3, 4, 6 என மூன்று நாள் டைவ் செய்துவிட்டு 8ஆம் நாள் விமானம் ஏறலாமா? சாமானில் எதை எடுத்துப்போவது, எதை வாடகைக்கு எடுப்பது?

---

நீரோட்டம்

விமானக் கணக்கு உங்களுக்குச் சாதகம். டான் (DAN) என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல்படி, மேலேறும் வழியில் நின்று நைட்ரஜனை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 6ஆம் நாள் 2 மணிக்கு மேலே வந்தால், 8ஆம் நாள் மதியம் வரை ஏறக்குறைய 46 மணி நேரம் இருக்கிறது. ஆனால் உயரம் என்பது விமானம் மட்டுமல்ல. டைவ் முடித்த அன்றே ஹெலிகாப்டர் சுற்றுலாவோ மலை ஏறும் வண்டிப் பயணமோ வேண்டாம். இந்தப் பாதையில் மலை பெரிதாக இல்லை. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு போன்ற ஊரில் நிற்கும் கப்பல்களில் இது உண்மையான ஆபத்து: காலையில் டைவ், மாலையில் டெய்டே எரிமலைக் கேபிள் கார் என்றால் 3,555 மீட்டருக்குப் போய் நிற்பீர்கள்.

பெலிஸில் இறங்காமல் விடுவது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குறையவும் உதவும். மேலேறும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பை ஒரு டைவிலும் விடாதீர்கள். கடல்நோய் மாத்திரையை முதல் டைவ் நாளில் புதிதாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. தூக்கம் வருகிறதா என்று கரையிலேயே சோதித்துவிடுங்கள்.

காப்பீட்டில் இரண்டு வரியைத் தேடுங்கள்: ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கிறதா, ஆழ வரம்பு என்ன. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபாவே இருக்காது, இருந்தாலும் 30 மீட்டரோடு நிற்கும். டைவருக்கான தனிக் காப்பீடு எடுப்பதே சரி. மேலே வந்தபின் மூட்டுவலி, மரத்துப்போதல், வழக்கமில்லாத களைப்பு, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம் தெரிந்தால் கப்பலுக்குப் போய்ப் படுக்காதீர்கள். படகிலேயே ஆக்சிஜன் கேளுங்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள். கேமன், கோசுமெல், ரோவாட்டான் மூன்றிலும் இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உண்டு, கப்பலில் கிடையாது. கப்பல் போனால் போகட்டும். கடவுச்சீட்டின் நகலும் ஒரு கடன் அட்டையும் துறைமுக முகவரின் எண்ணும் நீர்புகாப் பையில் இருந்தால் சமாளிக்கலாம்.

---

பவளத்திட்டு

சாமான்: மாஸ்க், கம்ப்யூட்டர், மிதவை-ரீல் கட்டாயம் சொந்தமாக. ரெகுலேட்டர் இருந்தால் எடுங்கள். அந்தப் பக்கம் சிலிண்டர்களில் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் யோக் வால்வு, உங்களுடையது திருகி மாட்டும் டின் (DIN) வகை என்றால் அடாப்டர் வேண்டும். பி.சி.டி. (காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி), ஃபின்ஸ், உடை எல்லாம் வாடகைக்கு. சொந்தச் சாமானைத் தள்ளுபெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், ஏறும் நாளில் பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும்.

உடலில் கட்டும் ஈய எடை பற்றி முன்கூட்டியே எண்ணை எழுதி வையுங்கள். அலுமினியம் 80 என்ற வழக்கமான டேங்க் காலியாகும்போது ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு மிதக்கத் தொடங்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த எடை, டேங்கில் 50 பார் காற்று மட்டும் மிஞ்சும் சேஃப்டி ஸ்டாப் நேரத்தில் உங்களை மேலே தூக்கும். முழு டேங்கோடு சோதித்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் கப்பல் பெயர், தேதி, கப்பல் நேரப்படி வருகையும் எல்லாரும் ஏற வேண்டிய நேரமும், உங்கள் கார்டு நிலை, கடைசி டைவ் தேதி, உடை அளவு, காலணி அளவு, நைட்ராக்ஸ் வேண்டுமா என்பதை ஒரே தடவையில் எழுதுங்கள். "எந்த நேரத்துக்குள் கரையில் இறக்குவீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். மணி சொல்லாமல் "கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

திரும்பியதும் ரெகுலேட்டரின் தூசிமூடியை நன்றாகத் துடைத்து மூடியபின், குளியலறை ஷவரில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்றைத் தள்ளும் பர்ஜ் பொத்தானை அமுக்காதீர்கள், தண்ணீர் குழாய்க்குள் போய்விடும். பால்கனியில் தொங்கவிட வேண்டாம்: பல கப்பல்களில் தடை, ஓடும் கப்பலின் காற்று பறித்தும் போய்விடும். குளியலறையிலேயே இழுத்துக் கட்டும் கொடி இருக்கும், விசிறியைப் போட்டுவிட்டால் மறுநாளைக்குள் மாஸ்க்கும் ரெகுலேட்டரும் காய்ந்துவிடும். தடித்த நியோப்ரீன் காலணி மட்டும் காயாது, அதை வாடகைக்கே எடுங்கள்.