சேலத்துத் தண்ணீர் மனுக்கள்: எங்கே தேங்குகிறது?

ஆத்தூர்காரர்:
சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு போர் தண்ணீர் எடுக்கத் தடையின்மைச் சான்று கேட்கிறவர்கள், பட்டா, புலப்படம் எடுக்க ஓடுவதற்கு முன்னால் தங்கள் குறுவட்டம் (பிர்கா, சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) நிலத்தடி நீரில் எந்த வகை என்று பாருங்க. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்க் கணக்கு கிராமவாரி இல்லை, குறுவட்டவாரி. எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 90 தாண்டினால் அபாயம், 100 தாண்டினால் அதிநுகர்வு. சேலம் மாவட்டத்தில் கடைசி வகைதான் அதிகம். நிலத்தடி நீருக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது. 2003-ல் போட்டது நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. 2014-ல் வந்த அரசாணை 142-தான் கையில் இருப்பது.

வகை என்னவென்று மனு வருமுன்பே அரசுக்குத் தெரியும். அப்படியிருக்க, காகிதமெல்லாம் வாங்கி, இடத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் ‘அதிநுகர்வு’ என்று திருப்புவதில் என்ன நியாயம்? சர்வே எண்ணைத் தட்டியதும் முதல் திரையிலேயே வகை தெரிய வேண்டும். ஓமலூரிலிருந்து காடையாம்பட்டி பிரிந்த மாதிரி தாலுகா பிரிந்த இடங்களில் பழைய, புதிய குறுவட்டப் பெயர் இரண்டையும் எழுதிக் கொடுங்க.

தாரமங்கலம்:
போரின் ஊறல் அளவை, அதாவது மணிக்கு எவ்வளவு தண்ணீர் தரும் என்பதை, மோட்டாரின் ஹெச்.பி.யை வைத்து எழுதாதீங்க. 200 லிட்டர் டிரம் 80 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 9,000 லிட்டர். ஆனால் மோட்டார் போட்டவுடன் பிடித்தால் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர்தான் வரும், கணக்கு ஏறிவிடும். மட்டம் இறங்கி ஒரே இடத்தில் நின்ற பிறகு மூன்று தடவை பிடிங்க. நிறுத்தியபின் மட்டம் ஏற எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறிங்க. கடும்பாறைப் பூமியில் ஆழத்தைவிட அதுதான் பேசும்.

வாழப்பாடி:
கூட்டுக்கிணறுதான் பெரிய தலைவலி. ‘கிணற்றில் 3-ல் 1 பாகம், மோட்டார், சர்வீஸ், வாய்க்கால் பாத்தியம், வண்டித்தடம்’ என்று கிரயப் பத்திரத்தில் இருக்கும்; பட்டாவில் ஒரு வரி இருக்காது. சர்வீஸ் (மின் இணைப்பு) தாத்தா பேரில். கிணறு 112/2அ-வில், வாங்கியது 112/2ஆ. பெயர் மாற்றத்துக்குப் போனால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் கேட்பார்கள். அவர்கள் பாதிப்பேர் திருப்பூரில். உட்பிரிவு செய்யும்போதே சர்வேயர் பாகத்தையும், அவரவர் தண்ணீர் எடுக்கும் முறை நாளையும் குறித்துக் கொடுத்து, வி.ஏ.ஓ. அதை அடங்கலில் (கிராமக் கணக்கு) ஏற்றினால் பாதி மனு வரவே வராது.

ஏற்காடு:
மேலே சுனைத் தண்ணீர். பக்கத்து எஸ்டேட் வழியாக குழாய் வருகிறது என்றால் அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான 1882 வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15: தடையில்லாமல், உரிமையோடு 20 வருஷம் அனுபவித்திருக்க வேண்டும், அரசு நிலமானால் 30. ‘எடுத்துக்கோங்க’ என்று எஸ்டேட்காரர் சொல்லி எடுத்த வருஷங்கள் சேராது. அந்த 20 வருஷமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். குழாயை வெட்டிவிட்டார்கள் என்றால் பேச்சுவார்த்தை என்று மூணு வருஷம் இழுக்காதீங்க.