உதவி தேவை: அம்மா, அப்பாவுடன் மோஹர், டிங்கிள் இரண்டும் ஒரே வார இறுதியில் முடியுமா?

நெல்லைமகள்:
வணக்கம். டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். மே மாதம் ஒரு சனி, ஞாயிறு வாடகைக் கார் எடுத்து மேற்குக் கடற்கரையைக் காட்டலாம் என்று இருக்கிறேன். சனி காலை கிளம்பி மோஹர் பாறைகள், அன்று மாலையே தெற்கே டிங்கிள் ஊருக்குப் போய்த் தங்கல், ஞாயிறு அங்குள்ள ஸ்லே ஹெட் கடலோரச் சாலையைச் சுற்றிவிட்டு இரவுக்குள் டப்ளின். மேப்பில் போட்டுப் பார்த்தால் நேரம் சரியாகத்தான் வருகிறது.

ஆனாலும் சில விஷயங்கள் இடிக்கின்றன. அப்பாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. அம்மாவுக்கு வளைவுச் சாலை என்றாலே குமட்டும். எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் ஒற்றைக் கார் அகலச் சாலையில் எதிரே பெரிய பஸ் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

என்னிஸ்வாசி:
சகோதரி, இரண்டும் வேண்டாம். டப்ளினிலிருந்து மோஹருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து டிங்கிள் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல். மறுநாள் டிங்கிளிலிருந்து டப்ளின் நாலரை மணி. மேப் சொல்வது ஓட்டும் நேரம் மட்டும்தான். டிராக்டர் பின்னால் ஊர்வதும், அப்பா இறங்கி ஏறுவதும் அதில் சேராது. மோஹர் இருக்கும் கிளேர் மாவட்டக் கடற்கரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு அது தாராளம்.

நான் சொல்லும் வழி இது. சனிக்கிழமை எம்7 நெடுஞ்சாலையில் லிமெரிக் வந்து, எம்18-இல் என்னிஸ். சாப்பாட்டை இங்கேயே முடித்துவிட்டு என்னிஸ்டைமன், லஹிஞ்ச் வழியாக மோஹருக்கு மாலை நான்கு மணிக்குமேல் போய்ச் சேருங்கள். டப்ளினிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் அதற்குள் திரும்பியிருக்கும். மே மாதத்தில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. இரவு பக்கத்து ஊரான டூலினில் தங்குங்கள்.

ஞாயிறு டூலினிலிருந்து ஆர்477 கடலோரச் சாலையில் வடக்கே ஃபனோர், பிளாக் ஹெட், பாலிவான். இந்தத் திசை முக்கியம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் வடக்கே போகும்போது கடல் நீங்கள் ஓட்டும் தடத்தின் பக்கமே இருக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மறைப்பில்லாமல் தெரியும், நிறுத்துவதற்கு எதிர்த்தடத்தைக் கடக்க வேண்டியதும் இல்லை. லிஸ்டூன்வார்னாவிலிருந்து பாலிவான் இறங்கும் என்67-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் கார்க்ஸ்க்ரூ ஹில் என்று கொண்டையூசி வளைவுகள் உண்டு. அம்மாவுக்கு ஆகாது.

வடக்குப்பக்கம்:
டப்ளினிலிருந்து வடக்கே ஆன்ட்ரிம் கடற்கரையை யோசித்தீர்களா? ஜயன்ட்ஸ் காஸ்வே மூன்று மணி நேரம்தான். சுமார் 40,000 எரிமலைப்பாறைத் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். காஸ்வேக்குக் கீழே இறங்க ஷட்டில் பஸ்ஸும் இருக்கிறது, அப்பா நடக்க வேண்டாம்.

ஸ்டாம்ப்4:
இடம் அருமைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். சாலையில் சோதனைச்சாவடி கிடையாது என்பதால் பலரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் பெற்றோரின் அயர்லாந்து விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற எழுத்துகள் இருந்தால் அவர்கள் அதிலேயே போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐஆர்பி என்ற அயர்லாந்து வசிப்பு அனுமதி அட்டையும் வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது, தனியாகப் பிரிட்டன் விசா வேண்டும். வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப்போக நிறுவனத்திடமும் முன்பே சொல்ல வேண்டும்.

நெல்லைமகள்:
நல்லவேளை சொன்னீர்கள். அவர்கள் விசாவில் அந்த எழுத்துகள் இருக்கின்றன, எனக்குப் பிரிட்டன் விசா இல்லை. அப்படியானால் கிளேர்தான். மோஹரில் அப்பா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? சின்னச் சாலை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

என்னிஸ்வாசி:
கார் நிறுத்தத்திலிருந்து முதல் பார்வைமேடை வரை தளம் போட்ட பாதைதான், மெதுவாக நடந்தால் போதும். 1835-இல் கட்டிய ஓபிரையன் கோபுரத்துக்குப் படியேற வேண்டும், அது அப்பாவுக்குத் தேவையில்லை. கோபுரத்துக்கு அருகில் பாறை 214 மீட்டர் உயரம். அந்தச் செங்குத்தின் முழு வீச்சும் முதல் பார்வைமேடையிலிருந்தே தெரியும். நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள், கார் நிறுத்தக் கட்டணம் அதிலேயே அடக்கம். டூலின் பக்கமிருந்து பாறை விளிம்பில் நடக்கும் பாதையின் பெரும்பகுதியைப் பாதுகாப்புக்காக 2024-இல் மூடினார்கள். நீங்கள் தனியாக நடக்க நினைத்தால் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டூலின் துறையிலிருந்து படகில் போய்ப் பாறைகளைக் கீழேயிருந்து பார்க்கலாம். அப்பாவுக்கு நல்லது, அம்மாவுக்கு அலை ஒத்துக்கொள்ளாது. எனவே அன்றைய கடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒன்று கேளுங்கள், ஞாயிறு போகும் வழியில் வரும் பர்ரன் என்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதியை வெறும் வழி என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஃபனோரைத் தாண்டியதும் எங்காவது ஒதுக்கி நிறுத்தி, சாலையோரச் சுண்ணாம்புப் பாறையைக் குனிந்து பாருங்கள். வெயில் வாங்கிய சாம்பல் பலகைகள், நடுவே கை நுழையும் வெடிப்புகள். உள்ளே எட்டிப் பார்த்தால் காற்றே படாத ஈரத்தில் பெரணி வளர்ந்திருக்கும். மே மாதம் மேலே புல்லில் ஜென்ஷியன் பூத்திருக்கும், நகக்கண் அளவுதான், ஆனால் அப்படியொரு நீலம். ஆல்ப்ஸ் மலையில் வளரும் அந்தச் செடியும் மத்தியதரைக்கடல் நாட்டு ஆர்க்கிடும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எனக்கு மோஹரைவிட இதுதான் பெரிது. அப்பாவும் பத்தடி நடந்தால் பார்த்துவிடலாம்.

ஸ்டாம்ப்4:
குறுகிய சாலைக்கு வருகிறேன். தூரத்திலேயே பஸ் தெரிந்தால் நீங்கள் இருக்கும் இடத்தில் வேகம் குறைத்து, அடுத்து வரும் கேட் வாசலிலோ அகலமான இடத்திலோ இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பஸ் ஓட்டுநருக்கு அந்தச் சாலை அத்துப்படி, அவர் போய்விடுவார். பின்னால் உள்ளூர்க்காரர் நெருக்கினால் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒருவிரல் தூக்கி நன்றி சொல்வார், நீங்களும் தூக்குங்கள். எண்ணுக்கு முன் 'எல்' போட்ட உள்ளூர்ச் சாலைகளில் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80-இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். பல இடங்களில் 60-கூட அதிகம்தான்.

வாடகைக் காரில் டயரும் கண்ணாடியும் சாதாரணக் காப்பீட்டில் அடங்காமல் போவது உண்டு, கேட்டு வாங்குங்கள். இடப்பக்கக் கல்சுவரில் உரசி டயர் போவதுதான் அங்கே அடிக்கடி நடப்பது. டப்ளினைச் சுற்றிப் போகும் எம்50 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிப் பகுதியைக் கடந்தால் அங்கே நிறுத்திக் காசு கட்ட இடம் கிடையாது. மறுநாள் இரவு எட்டு மணிக்குள் செலுத்த வேண்டும். அதை யார் கட்டுவது என்றும் கார் நிறுவனத்திடம் கேளுங்கள்.

நெல்லைமகள்:
டூலினில் அறை போட்டுவிட்டேன், டிங்கிளை ரத்து செய்துவிட்டேன். ஞாயிறு பாலிவானிலிருந்து திரும்ப எது நல்ல வழி?

என்னிஸ்வாசி:
கடலை ஒட்டியே கின்வாரா வந்து எம்18 ஏறி, எம்6 வழியாக டப்ளின். நேரமிருந்தால் பாலிவானிலிருந்து தெற்கே ஆர்480-இல் பூல்னப்ரோன் கல்திட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஐயாயிரம் ஆண்டுக்கும் பழையது, கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடைதான். பெட்ரோலை மட்டும் சனிக்கிழமையே என்னிஸில் நிரப்பிவிடுங்கள். கடலோரத்தில் பங்க் தேடி அலைய வேண்டாம்.