பட்டாபிஷேகத்துக்கு அப்புறம்

குழு: வளவு வீட்டுச் சொந்தங்கள், காரைக்குடி

நாச்சம்மை: புரட்டாசி ராமாயண ஏடு படிப்பு இன்று நிறைவு. பட்டாபிஷேகம் படித்து, சுண்டலும் கொடுத்தாச்சு.

வயிரவன்: ஆச்சி, என் மகன் கேட்கிறான். ராமர் எத்தனை வருஷம் ஆண்டார்? கடைசியில் என்ன ஆனார்?

நாச்சம்மை: 11,000 வருஷம். கடைசியை நம் வீட்டில் படிக்கிறதில்லை. கம்பரே பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டார்.

அழகப்பன்: வால்மீகியில் ஏழாவதாக உத்தர காண்டம் இருக்கிறது. தமிழில் ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள்.

வயிரவன்: கதையைச் சொல்லுங்கள் அண்ணே, போனைப் பிடுங்குகிறான்.

அழகப்பன்: சீதை பூமிக்குள் போன பிறகு ராமர் வேறு கல்யாணம் செய்யவில்லை. யாகம் என்றால் பக்கத்தில் தங்கச் சீதைதான். ரொம்ப காலம் கழித்து, காலன் முனிவர் வேஷத்தில் வருகிறான். ‘திரும்பி வரும் நேரம் ஆச்சு’ என்று பிரம்மா சொல்லி அனுப்பிய சேதி. அவர்கள் பேசுவதை யார் பார்த்தாலும் மரணம் என்று நிபந்தனை. வாசலில் லட்சுமணன் காவல். அந்த நேரம் பார்த்துத் துர்வாசர்!

மெய்யம்மை: அவருக்கு நேரம் காலமே கிடையாது 😄

அழகப்பன்: இப்பவே ராமனைப் பார்க்கணும், இல்லாவிட்டால் நாட்டையும் உங்கள் வம்சத்தையும் சபிப்பேன் என்கிறார். எல்லாரும் அழிவதற்கு நான் ஒருவன் போகிறேன் என்று லட்சுமணன் உள்ளே போய்விட்டான்.

வயிரவன்: அப்படி என்ன தலைபோகிற அவசரம்?

அழகப்பன்: பசி. ஆயிரம் வருஷ விரதம் முடித்து வந்தவர். இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெய்யம்மை: அடப்பாவமே! நாமாக இருந்தால் முகப்பிலேயே உட்கார வைத்து, வெள்ளைப் பணியாரம் கொடுத்தே கோபத்தை இறக்கியிருப்போம்.

அழகப்பன்: வாக்கை மீற முடியாது. தம்பியைக் கொல்லவும் முடியாது. விலக்கி வைத்துவிடு என்று வசிஷ்டர் வழி சொன்னார். நல்லவனுக்கு விலக்கி வைப்பதும் மரணமும் ஒன்றுதான் என்று ராமர் அப்படியே செய்தார். லட்சுமணன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சரயுவுக்குப் போய் மூச்சை அடக்கிவிட்டான்.

அப்பத்தா: வீட்டுக்குக்கூடப் போகலையா? ஊர்மிளை பதினாலு வருஷம் காத்துக் கிடந்தவளாச்சே. இதுக்குத்தான் அந்தக் காண்டம் நம்ம வீட்டுக்கு வேண்டாம்னு சொல்றேன்.

அழகப்பன்: சரி அப்பத்தா, சீக்கிரம் முடிக்கிறேன். பரதன் ராஜ்யம் வேண்டாம் என்றான். குசனுக்கு விந்திய மலையடியில் குசாவதி, லவனுக்கு சிராவஸ்தி. விபீஷணனையும் அனுமனையும் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ராமர் சரயுவில் இறங்கினார். பின்னாலேயே ஊர் ஜனம், ஆடு மாடு எல்லாம்.

வயிரவன்: எறும்புமா என்று கேட்கிறான்.

நாச்சம்மை: எறும்பும்தான்! ‘புற்பா முதலாப் புல்லெறும்பாதி ஒன்றின்றியே’ என்று நம்மாழ்வார் பாடியிருக்கிறார். புல்லைக்கூட விடவில்லையாம்.

வயிரவன்: அனுமார் மட்டும் ஏன் போகலை?

அப்பத்தா: ராமர் கதை பூமியில் இருக்கிறவரைக்கும் அவரும் இருக்கணும்னு உத்தரவு. அவருக்குத்தான் ஏட்டுக்குப் பக்கத்தில் பலகை போடுறோம்.

மெய்யம்மை: அதில் இன்று என் சின்னவன் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டானே, யாரும் பார்க்கலையா?

அப்பத்தா: பார்த்தேன். பேசாம இருந்துட்டேன்.